கிடையாதியம்: படத்துச் சாமானுக்குப் பெயர் வைத்தவர் யார்?

2009இல் வந்த ‘அவதார்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறக் கல் நினைவிருக்கும். சுரங்கக் கம்பனி அதிகாரியின் மேசையில் அது அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும். கிலோ இரண்டு கோடிக்குப் போகுது என்று அதிகாரி சொல்லுவார். அந்தக் கல்லுக்காகத்தான் பண்டோரா என்ற உபகோளில் காடு அழிகிறது, ஒரு சமூகம் தன் வீட்டு மரத்தை இழக்கிறது, படம் முழுவதும் சண்டை நடக்கிறது. கல்லின் பெயர் ‘அன்ஒப்டேனியம்’.

இந்தப் பெயரைத் தமிழில் ஆக்கச் சொன்னால் ‘கிடையாதியம்’ என்றுதான் ஆக்க வேண்டும். கிடைக்காதது என்ற சொல்லின் வாலில் ஓர் ‘இயம்’. சோடியம், கல்சியம், பொற்றாசியம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய காதுக்கு ‘இயம்’ என்று முடிந்தாலே அது உலோகம், ஆய்வுகூடத்துச் சாமான் என்ற எண்ணம் வந்துவிடும். படம் வந்த காலத்தில் பலர் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். இத்தனை சல்லி செலவழித்துப் படம் எடுத்தவருக்கு ஒரு நல்ல பெயர் அம்பிடவில்லையா என்று கேட்டார்கள். உண்மையில் அது படத்துக்காக ஆக்கிய பெயரல்ல. 1950களில் அமெரிக்க விமானப் பொறியியலாளர்களிடையே ஓடிய பகிடி அது. வேலைக்கு எல்லா வகையிலும் பொருத்தமான பொருள், ஆனால் அப்படியொன்று உலகத்தில் இல்லை, அல்லது இருந்தும் வாங்க முடியாது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் இது. பூமியின் மையத்தை நோக்கிப் போகிற ‘தி கோர்’ (2003) படத்திலும் கப்பலின் ஓட்டுக்கு இதே பெயரைத்தான் சொல்லுவார்கள்.

அறிவியல் புனைவுப் படங்களில் இப்படிப் பெயர் மட்டும் உள்ள பொருள்கள் நிறைய. எங்கட புள்ளைகளுக்கு வைப்ரேனியமும் கிரிப்டோனைட்டும் வீட்டுச் சாமான் மாதிரி பழகிவிட்டன. அந்தப் பெயர்கள் எப்படி உண்டாகின்றன என்பதை விளக்குவதுதான் இக்கட்டுரையின் வேலை. விளக்கிக்கொண்டு போனால் இன்னொரு கேள்வியும் தானாக வரும்: அந்தப் பெயர் யாருடைய வாயிலிருந்து வந்தது? தேடி வருகிறவனுடையதா, அது கிடக்கிற மண்ணில் குடியிருப்பவனுடையதா? புத்தளம் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

சாட்டும் சரக்கும்

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை இயக்குநர் அல்ஃபிரட் ஹிட்ச்கொக் பிரபலப்படுத்தினார். 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேசும்போது அதற்கு ‘மக்கஃபின்’ என்று பெயர் சொன்னார். அவர் அதை விளக்கச் சொல்லும் கதை இது: ரயிலில் இரண்டு பேர். மேலே ஒரு பொதி. அதென்ன என்று ஒருவர் கேட்க, அது மக்கஃபின், ஸ்கொட்லாந்து மலைகளில் சிங்கம் பிடிக்கிற கருவி என்கிறார் மற்றவர். அங்கே சிங்கம் இல்லையே என்றால், அப்போ அது மக்கஃபினும் இல்லை என்கிறார். பொதிக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை. அதை எல்லோரும் துரத்த வேண்டும், அவ்வளவுதான். 1946இல் வந்த அவரது ‘நொட்டோரியஸ்’ படத்தில் வைன் போத்தலுக்குள் யுரேனியம் இருக்கும். யுரேனியத்துக்குப் பதில் வைரம் இருந்திருந்தாலும் கதை நடந்திருக்கும் என்பதே ஹிட்ச்கொக்கின் நிலைப்பாடு.

இதற்கு எங்கட பேச்சில் நல்ல சொல் இருக்கிறது: ‘சாட்டு’. “சும்மா சாட்டுச் சொல்லாதீங்க” என்கிறோமே, அந்தச் சாட்டு. கதையை ஓட்டுவதற்கு ஒரு சாட்டு.

இரண்டாவது வகைதான் கிடையாதியம். இதற்கு ஒரு வேலை உண்டு. அது இல்லாவிட்டால் கப்பல் பறக்காது, வாள் உடைந்துவிடும், வீரன் சாகமாட்டான். சித்த வைத்தியத்தில் மருந்துக்குச் சேர்கிற பொருளைச் ‘சரக்கு’ என்பார்கள். அந்தக் கருத்தில் இதைச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். அவதார் கல் உண்மையில் சாட்டுத்தான். அது எதற்குப் பயன்படுகிறது என்பதைப் படம் பெரிதாகச் சொல்வதேயில்லை, விலையை மட்டும் சொல்கிறது. ஸ்டார் ட்ரெக்கின் டைலித்தியமோ சரக்கு. அது உடைந்தால் கப்பல் நின்றுவிடும்.

சாட்டுக்குப் பெயர் வைப்பது இலேசு, ஏனென்றால் எந்தப் பெயரும் போதும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் (1968) சந்திரனில் புதைந்திருந்த கரும்பலகைக்கு ‘டி.எம்.ஏ.-1’ என்று பெயர். டைக்கோ பள்ளத்தில் காணப்பட்ட காந்தக் கோளாறு, இலக்கம் ஒன்று என்பதன் சுருக்கம். கச்சேரிக் கோப்பில் போடுகிற இலக்கம் மாதிரி. கதையை எழுதியவர்களில் ஒருவரான ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில்தான் குடியிருந்தார். அதிகாரிகள் ஒரு பொருளுக்கு எப்படிப் பெயர் வைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கண்ட பொருள் என்னவென்று விளங்காதபோது அவர்கள் வைப்பது இலக்கம்தான்.

‘இயம்’ என்கிற வால்

சரக்குக்குப் பெயர் வைப்பதுதான் கஷ்டம். நம்ப வைக்க வேண்டும். இதற்கு எழுத்தாளர்கள் பிடித்த வழி, வேதியியல் எப்படிப் பெயர் வைக்கிறதோ அதே மாதிரி வைப்பது. பழைய கிரேக்க, இலத்தீன் சொல்லொன்றை எடுத்து வாலை ஒட்டுவார்கள். மறைந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து சுப்பர்மேனின் கிரகம் கிரிப்டன். 1898இல் கண்டுபிடித்த உண்மையான வாயுவுக்கும் அதே பெயர்தான். அந்தக் கிரகத்தின் கல்லுக்குக் கிரிப்டோனைட். அது முதலில் வந்தது 1943இல் வானொலி நாடகத்தில், சித்திரக்கதையில் அல்ல. காதால் மட்டும் கேட்கிறவர்களுக்கு ஒரு கல்லை நம்ப வைக்க வேண்டியிருந்தபோது பிறந்த பெயர் அது. அடமான்டியம் என்பது அடக்க முடியாதது என்ற கருத்துள்ள ‘அடமாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து. அதே சொல்தான் அரபுக்குப் போய் ‘அல்மாஸ்’ ஆயிற்று. வைரத்துக்கு நாம் சொல்லும் அல்மாஸும் வுல்வரினின் நகமும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

வால் மட்டும் போதாது, உண்மைக்குப் பக்கத்தில் நின்றாலும் உண்மையில் முட்டிவிடக் கூடாது. ஸ்டார் ட்ரெக்கின் தொடக்க அத்தியாயங்களில் கப்பலை ஓட்டியது வெறும் லித்தியம் பளிங்கு. லித்தியம் உண்மையான மூலகம், அதன் குணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1967இல் அது டைலித்தியம் ஆகிவிட்டது. முன்னுக்கு ஒரு ‘டை’ போட்டதும் யாரும் கேள்வி கேட்க முடியாது. பெயர் வைப்பதில் இதைவிடச் சிக்கனமான வேலை கிடையாது என்பது என் எண்ணம். இதற்கு எதிர்மாறு 2009இல் வந்த ஸ்டார் ட்ரெக் படம். ஒரு துளியால் கிரகத்தையே விழுங்கும் பொருளுக்கு அதில் வைத்த பெயர் ‘சிவப்புப் பொருள்’. கடையில் போய் “அந்தச் சிவப்புச் சாமானைத் தாங்க” என்று கேட்கிற மாதிரி.

உண்மையான மூலகங்களின் பெயர்களிலும் எங்கட பக்கத்து ஓசை கிடக்கிறது. பொற்றாசியத்துக்கு ஏன் குறியீடு ‘கே’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதன் மற்றப் பெயரான ‘காலியம்’ அரபு ‘அல்-கலீ’யிலிருந்து வந்தது. உவர்நிலத்துப் பூண்டுகளை எரித்தால் வருகிற சாம்பல்தான் கலீ. களப்போரத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பூண்டுகள் தெரியும். சேர்க்கோனியத்தின் கதை இன்னும் கிட்டியது. 1789இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் அதை இனங்கண்டது இலங்கையிலிருந்து போன ஒரு கல்லில். பொன்னிறத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் ‘சேர்க்கன்’ ஆனது என்பது வழக்கமான விளக்கம். கல் இலங்கையுடையது, சொல் பாரசீகத்துடையது, வால் இலத்தீனுடையது.

அரபு வணிகர் எங்கட தீவுக்குச் சொன்ன ‘செரந்தீப்’ என்ற பெயரும் ஒரு கனிமத்தில் ஏறியிருக்கிறது. 1903இல் ஆனந்த குமாரசுவாமியும் பிரையரும் இலங்கையில் கிடைத்த ஒரு புதிய கனிமத்தைச் ‘செரண்டிபைட்’ என்று விவரித்தார்கள். கேட்டால் மார்வல் படத்துச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் அது உண்மை. ‘டப்ரோபனைட்’டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1981இல் இலங்கைக் கல்லொன்றுக்கு அப்பெயரை வைத்தார்கள். இரண்டு வருடத்தில் அது ஏற்கெனவே பெயருள்ள ‘டாஃபைட்’தான் என்று தெளிவாகியது. பெயர் மட்டும் அநாதையாக நின்றுவிட்டது. அந்தப் பெயரின் வேரான தம்பபண்ணி, விஜயனின் ஆட்கள் கையூன்றி இருந்தபோது செம்மண் ஒட்டிய கதையோடு வருவது. அந்தக் கரையைக் குதிரைமலைப் பக்கத்தில் காட்டுவோரும் உண்டு. எங்கட மாவட்டத்து மண்ணின் நிறமாக இருக்கலாம் என்று சொல்லப்படுகிற ஒன்று, கிரேக்கர் வாயில் தீவின் பெயராகி, கல்லின் பெயராகி, பிறகு இல்லாமல் போயிற்று.

சிவப்புக் கந்தகமும் முப்பும்

கிடையாதியம் என்ற எண்ணம் ஐம்பதுகளின் அமெரிக்காவில் புதிதாகப் பிறந்ததல்ல. அரபியில் அதற்குப் பல நூற்றாண்டுப் பழைமையான சொல் இருக்கிறது: ‘அல்-கிப்ரீத்துல் அஹ்மர்’, சிவப்புக் கந்தகம். ஒன்று மிக அரிது என்றால், அது சிவப்புக் கந்தகத்தை விட அரிது என்பார்கள். மஞ்சள் கந்தகம் எங்கும் உண்டு, சிவப்பு மட்டும் இல்லை. அது கிடைத்தால் ஈயம் பொன்னாகும் என்று கீமியாக்காரர்கள் நம்பினார்கள். ‘இக்ஸீர்’ என்ற சொல்லும் அந்த வழியில்தான் ஐரோப்பாவுக்குப் போய் ‘எலிக்ஸர்’ ஆயிற்று. டைலித்தியம் செய்தவர்கள் செய்ததையே அவர்களும் செய்திருக்கிறார்கள். தெரிந்த பொருளை எடுத்து அதில் ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு அந்தப் பெயர் வெளிப் பொருளை விட்டு உள்ளே திரும்பியது. இமாம் கஸ்ஸாலி பாரசீகத்தில் எழுதிய கிதாபுக்கு ‘கீமியாயே சஆதத்’ என்று தலைப்பு வைத்தார். அங்கே பொன்னாக வேண்டியது ஈயமல்ல, கல்பு. இப்னு அரபியை ‘கிப்ரீத்துல் அஹ்மர்’ என்றே அழைத்தார்கள். கிடைக்காத பொருளின் பெயர் கிடைத்தற்கரிய மனிதரின் பெயராகிவிட்டது. ஹொலிவுட் தன்னுடைய கிடையாதியத்தை இந்த இடத்துக்கு இன்னும் கொண்டுவரவில்லை.

தமிழில் இதன் சகோதரம் ‘முப்பு’. சித்த நூல்களில் எல்லா மருந்தையும் முடிக்கிற உப்பு அது. மூன்று உப்பு என்று பெயரே சொல்கிறது, ஆனால் எந்த மூன்று என்று கேட்டால் நூலுக்கு நூல் வேறு. பூநீறு என்பார் ஒருவர், கல்லுப்பு என்பார் இன்னொருவர், குருவிடம் கேள் என்பார் மூன்றாமவர். பரிபாசையில் மறைத்துத்தான் எழுதுவார்கள். மக்காவுக்குப் போய் யாகோபு ஆனதாக மரபு சொல்லும் இராமதேவரும் இந்தச் சித்தர் வரிசையில் வருகிறவர். ஆக முப்பு என்பது சரக்காகவும் சாட்டாகவும் ஒரே நேரத்தில் நிற்கிற பெயர். மருந்துக்கு அது சரக்கு. சீடனைக் குருவிடம் அனுப்புவதற்கு அது சாட்டு. பெயர் எவ்வளவு சாதாரணம் பாருங்கள்: உப்பு. புத்தளத்துக்குப் பெயர் வந்ததே உப்புத்தளத்தால் என்று சொல்வார்கள். பாலாவி உப்பளத்தில் பாத்தி பாத்தியாக விளைகிற அதே உப்புத்தான் பெயரில் நிற்கிறது. மிகச் சாதாரணமான சொல்லுக்கு முன்னால் ஓர் எண்ணை வைத்ததும் அது எட்டாத பொருளாகிவிட்டது.

கறுவா மணக்கும் பாலைவனம்

பொருளும் பெயரும் எங்கட கரைக்கு மிகக் கிட்ட வருகிற படம் ‘டியூன்’. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவல் 1965இல் வந்தது. டேவிட் லின்ச் 1984இல் ஒருமுறை எடுத்தார். டெனி வில்நெவ் 2021இலும் 2024இலும் இரண்டு பாகமாக எடுத்தார். அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தில் மட்டும் ‘மெலான்ஜ்’ என்ற வாசனைச் சரக்குக் கிடைக்கிறது. அது இல்லாமல் நட்சத்திரங்களுக்கிடையே பயணம் செய்ய முடியாது. அதைக் காத்துக்கொண்டிருப்பவை பிரம்மாண்டமான மணற்புழுக்கள். மெலான்ஜ் என்பது கலவையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அதன் மணம் என்ன என்று நாவல் திரும்பத் திரும்பச் சொல்கிறது: கறுவா.

அராக்கிஸின் கதையைப் புதிது என்று நினைக்க வேண்டாம். கிறிஸ்துவுக்கு முந்திய ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரொடோட்டஸ் கறுவாவைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய பறவைகள் கறுவாக் குச்சிகளைக் கொண்டுபோய்ச் செங்குத்தான மலையில் கூடு கட்டுமாம். அரபிகள் மாட்டிறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டிக் கீழே வைப்பார்களாம். பறவைகள் அதைத் தூக்கிக்கொண்டு போக, பாரம் தாங்காமல் கூடு விழுந்துவிடுமாம். சிந்துபாத் வைரப் பள்ளத்தாக்கில் கண்டதும் இதே இறைச்சி வித்தைதான். முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி இதைக் கேட்டுவிட்டு, விலையை ஏற்றக் கட்டிய கதை என்று எழுதினார். கடலைக் கடந்து வருகிற சரக்கு என்றால் விலையைக் கணக்குப் பார்ப்பார்கள். பறவை காக்கிற சரக்கு என்றால் கேட்ட விலையைத் தருவார்கள். மணற்புழுவும் அந்தப் பறவையின் பேரப்பிள்ளைதான்.

அந்தப் பறவை எங்கே இருந்தது? 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய ஊரை ‘பத்தாலா’ என்று எழுதினார். அதைப் புத்தளம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கரை முழுவதும் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குன்று மாதிரிக் குவிந்து கிடந்ததாகச் சொல்கிறார். மஃபர், மலபார் ஆட்கள் விலை கொடுக்காமலே அள்ளிக்கொண்டு போவார்களாம். பதிலுக்கு அரசனுக்குத் துணி போன்றவற்றை அன்பளிப்பாகக் கொடுப்பார்களாம். பறவையும் இல்லை, கூடும் இல்லை, மலையும் இல்லை. ரோமாபுரியில் பொக்கிஷமாக இருந்த பொருள் இங்கே கரையொதுங்கிய விறகாகக் கிடந்திருக்கிறது. அதே அரசரிடம், ஆரிய சக்கரவர்த்தியிடம், உள்ளங்கையளவு சிவப்புக்கல் கிண்ணத்தைக் கண்டதாகவும் அவர் எழுதுகிறார். அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்பதையும் மறக்காமல் குறித்திருக்கிறார்.

பாரசீகத்தில் கறுவாவுக்குப் பெயர் ‘தார்ச்சீனி’, அதாவது சீன மரம். சீனத்திலிருந்து போன பட்டைக்கு வைத்த பெயர் இலங்கைக் கறுவாவுக்கும் ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டால் சரக்கு எங்கே விளைந்தது என்பது தெரியாது. எந்தச் சந்தையில் எந்த வழியாகக் கைக்கு வந்தது என்பதுதான் தெரியும். ‘கறுவா’ என்று சொல்கிறவர் மரத்தைப் பார்த்தவர், ‘தார்ச்சீனி’ என்று முதலில் சொன்னவர் மூட்டையைப் பார்த்தவர்.

டியூனில் சரக்கு மட்டுமல்ல, சொற்களும் இப்படிக் கைமாறியவை. ஃபிரெமன் மக்கள் ‘மஹ்தி’ என்கிறார்கள், ‘லிசானுல் கைப்’ என்கிறார்கள். லிசானுல் கைப் என்பது பாரசீகக் கவி ஹாஃபிஸுக்குச் சொல்லப்படும் பட்டம். நாவலில் அடிக்கடி வந்த ‘ஜிஹாத்’ என்ற சொல்லைப் புதிய படங்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் ‘புனிதப் போர்’ என்ற பொருளில் ஆங்கிலச் சொல்லைப் போட்டன. படத்தின் மணலுக்காக ஜோர்தானின் வாதி ரம்முக்கும் அபுதாபிக்கும் போனார்கள். ஆனால் முக்கியப் பாத்திரங்களில் அரபு முகத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. ஹெர்பர்ட் நாவலில் இஸ்லாமிய வரலாற்றை ஓரளவு படித்துத்தான் எழுதினார் என்பது தெரிகிறது. படமோ சொல்லின் வாசனையை வைத்துக்கொண்டு, சொல்லின் வீட்டைப் பூட்டிவிட்டது. எனக்கு இரண்டாம் பாகம் பிடித்திருந்தது, அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் கரையிலிருந்து?

இனி முன்னே கேட்ட கேள்விக்கு வரலாம். அன்ஒப்டேனியம், கிடைக்காதது. யாருக்குக் கிடைக்காதது? நாவி மக்களின் வீட்டு மரத்துக்குக் கீழேதான் அது மலையாகக் கிடக்கிறது. அவர்களுக்கு அது மண். பெயர் முழுக்க முழுக்க வாங்க வந்தவனின் ஏக்கம். நாவிகளுக்கென்று மொழியியலாளர் போல் ஃபுரோமர் தனி மொழியே உருவாக்கிக் கொடுத்தார். ஆனால் அந்தக் கல்லுக்கு அந்த மொழியில் ஒரு பெயரைப் படத்தில் நாம் கேட்பதில்லை. 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் கடல் உயிரியின் மூளையிலிருந்து எடுக்கும், முதுமையைத் தடுக்கும் திரவத்துக்கு ‘அம்ரிதா’ என்று பெயர். நம்மவர் அமிர்தம்தான். அதையும் வேட்டைக்காரர்கள்தான் சொல்கிறார்கள்.

‘பிளாக் பாந்தர்’ (2018) இதைத் திருப்பிப் போட முயன்றது. வகாண்டா மக்களிடம் வைப்ரேனியம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தெரியும், பேசுவது தென்னாபிரிக்காவின் ஷோசா மொழி. ஆனாலும் 1966இல் சித்திரக்கதைக்காரர் அதிர்வு என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ஆக்கிய பெயரைத்தான் அவர்களும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த முரணை விட ஒரு காட்சி முக்கியம். பிரித்தானிய நூதனசாலையில் ஒரு கோடரியைக் காட்டி, இது பெனினிலிருந்து வந்தது என்கிறார் அதிகாரி. இல்லை, இது வகாண்டாவுடையது, வைப்ரேனியத்தால் ஆனது என்கிறான் கில்மொங்கர். கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டே பொய். இந்த ஒரு காட்சியில் பெயர் வைப்பதன் அரசியல் முழுவதும் இருக்கிறது.

‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009) இன்னொரு வழியில் போனது. ஜொஹனஸ்பேர்க்கில் முகாமில் அடைபட்டிருக்கும் வேற்றுக்கிரகவாசி ஒருவர், இருபது வருடமாகத் துளித்துளியாகக் கறுத்த திரவமொன்றைச் சேர்க்கிறார். ஊருக்குப் போகக் கப்பலை இயக்குவதற்கு. அந்தத் திரவத்துக்குப் பெயரே இல்லை. படத்தின் ஆகப் பெரிய சரக்கு வெறும் ‘திரவம்’. சொந்தக்காரனுக்கு அது அரிய பொருளல்ல, எண்ணெய். அதனால் அலங்காரப் பெயர் தேவைப்படவில்லை. பெயர் வைக்கிற வெறியெல்லாம் ஆட்களின்மேல் போகிறது. ஊரார் அவர்களை ‘இறால்’ என்கிறார்கள், அதிகாரிகள் அவருக்கு கிறிஸ்டோபர் ஜோன்சன் என்று பதிந்திருக்கிறார்கள். படத்தின் பின்னால் உண்மையான இடமொன்று இருக்கிறது: கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். 1966இல் அது வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். கேப் முஸ்லிம்கள் அவர்களில் நிறையப் பேர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்தவர்களும் அவர்களை ஏற்றவர்களும் இந்தப் படத்தைச் சும்மா பார்க்க முடியாது. ‘அகதி’ என்ற சொல் வந்த நாளின் நிலையைக் குறித்தது. இங்கே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கும் அது பெயராகவே ஒட்டிக்கொண்டு நின்றதை நாம் கண்டோம்.

பொருளுக்கும் அப்படித்தான். கொழும்பின் குப்பையை அறுவாக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தின் தாள்களில் ‘சுகாதார நிலநிரப்பல்’ என்று எழுதியிருந்தது. அதை எதிர்த்து 2018, 2019இல் வீதிக்கு வந்த புத்தளத்து மக்கள் குப்பையைக் குப்பை என்றே சொன்னார்கள். புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலுக்குப் பாடநூலில் இல்மனைட் என்று பெயர், ருசியாவின் இல்மன் மலையால் வந்தது. அதிலிருந்து எடுப்பது டைட்டேனியம். ஐம்பதுகளின் விமானப் பொறியியலாளர்கள் கிடைக்காதா என்று அலைந்த உலோகங்களில் அதுவும் ஒன்று.

தமிழ்ப் படங்கள்

தமிழில் அறிவியல் புனைவு எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். ‘ஏழாம் அறிவு’ (2011) போதிதர்மர் வரை பின்னுக்குப் போகிறது, தமிழின் பெருமையைப் பேசுகிறது. ஆனால் அதில் நோய் பரப்பும் சதிக்குப் பெயர் ‘ஒப்பரேஷன் ரெட்’. எதிரியின் திட்டம் என்பதால் பொருந்தும் என்று விடலாம். ‘அயலான்’ (2024) படத்தில் விண்ணிலிருந்து வந்த துண்டுக்கு ‘ஸ்பார்க்’ என்று பெயர். ‘பொறி’ என்று இரண்டெழுத்தில் முடிந்திருக்கும். தீப்பொறியும் அதுதான், சிக்க வைக்கிற பொறியும் அதுதான். கதைக்கு இரண்டுமே பொருந்தும்.

விதிவிலக்காக நான் நினைப்பது ‘தசாவதாரம்’ (2008). கமல்ஹாசன் பத்து வேடம் போட்டார் என்பதையே எல்லோரும் பேசினார்கள். நெட்டை மனிதர் கலிஃபுல்லாவைப் பற்றி எங்கட ஊர்களில் நிறையவே பேசினார்கள். கதையை ஓட்டுவது ஒரு சின்னக் குப்பி. உள்ளே நோய்க் கிருமி, அது சிலைக்குள் போய் ஊரெல்லாம் சுற்றுகிறது. ஹிட்ச்கொக் சொன்ன சாட்டின் இலட்சணம் அத்தனையும் பொருந்தும். ஆனால் அதை முறிக்கிற மருந்து எது? சோடியம் குளோரைட். உப்பு. தொன் கணக்கில் உப்பு வேண்டும் என்று தவிக்கும்போது 2004 டிசம்பர் 26இன் கடல் ஏறி வருகிறது. அத்தனை பேரைக் கொண்டுபோன கடலை மருந்தாக்கியது சரியா என்று கேட்க இடமுண்டு, அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. பெயர் வைக்கும் வேலையாக மட்டும் பார்த்தால், உலகப் படமெல்லாம் கிடைக்காத பொருளைத் தேடிக்கொண்டிருக்கும்போது இந்தப் படம் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிற பொருளில் போய் நின்றது. முப்பு எழுதிய சித்தர்களுக்கு இது விளங்கியிருக்கும்.

எழுத விரும்புகிற இளையவர்களுக்கு இந்தக் கரையில் சொற்கள் கிடக்கின்றன. முத்துக் குளித்தவர்கள் கடலடி மேட்டைப் ‘பார்’ என்றார்கள், படகு வைத்திருப்பவரைச் ‘சம்மாட்டி’ என்றார்கள். பூநீறு இருக்கிறது, கலீ இருக்கிறது, கிப்ரீத் இருக்கிறது. கற்பிட்டிக் கரைவலையில் ஒருநாள் வானத்துச் சாமான் ஒன்று சிக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதற்கு ஓர் இலக்கம் போடுவார்கள். வெளிநாட்டுக் கம்பனி ‘இயம்’ வைக்கும். வலை இழுத்தவர்கள் அதற்கு முன்னமே ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்கள், அநேகமாக ஏச்சாகத்தான் இருக்கும், வலை கிழிந்திருக்குமே.